நிக்காஹ் நேரத்தில் இருண்ட திரை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று திண்ணனூர் நாடு. நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மலையின் மேல்தளத்தை அடைய இயலும். சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும், காப்பித் தோட்டங்களும், பலா மரங்களும் நிறைந்த ஊர்கள் அவை. எங்கள் உறவினர் ஒருவர் மிளகு வணிகத்தின் பொருட்டு நெடுங்காலமாக அங்கே குடியிருக்கிறார். என் அண்ணன் பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். பிள்ளைகள் அவரை 'மாமு' என்றும், அவருடைய முதிய தாயாரை 'நன்னி' என்றும் அழைப்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த நன்னிக்கு அந்த 70 வளைவுகளையும் இறங்கிக் கடப்பது இனி ஆகாத காரியம் என்று மருத்துவர் கூறிவிட்டார்.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் அண்ணன் மகளின் நிக்காஹ் இராசிபுரத்தில் நடந்தது. கொரோனா கட்டுப்பாடுகளால் திருமணங்களில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்பது அரசின் உத்தரவு. மணமகனின் மூத்த சகோதரர் ரியாத்தில் இருந்தார். நன்னியோ மலையில் இருந்தார். ஆகவே நிக்காஹை இணையத்தின் வழியே நேரலையாக அனுப்புவது என்று முடிவாயிற்று. பொறியியல் கல்லூரியில் படித்துவந்த மணமகளின் தம்பி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். வரைகலை அட்டை பொருத்திய மடிக்கணினி ஒன்று அவனிடம் இருந்தது. முதல்நாள் இரவே ஒத்திகையும் பார்த்துவிட்டான். மலையிலிருந்து மாமு பேசினார்: "படம் கண்ணாடி போல் தெரிகிறது, அல்ஹம்துலில்லாஹ்!"

மறுநாள் குத்பா தொடங்கும் வேளையில், தம்பி நேரலைப் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள் இருந்தன. அவசரத்தில் அவற்றைப் படிக்காமல் 'சரி' என்பதை அழுத்திவிட்டு, ஒலிபெருக்கியைச் சரிசெய்ய ஓடினான். சற்றுநேரத்தில் மலையிலிருந்து தொலைபேசி வந்தது. "படம் வரவில்லையே, தம்பி!"

அருகிலிருந்த பெரியவர்கள், "மலையில் டவர் கிடைத்திருக்காது" என்றார்கள். தம்பியும் அதையே நம்பினான். நம்பியதோடு நில்லாமல், "மாமு, இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. உங்கள் பக்கம்தான் கோளாறு. நேற்றே நல்ல இணைப்பு வாங்கி வைக்கச் சொன்னேனே!" என்று சற்றுக் கடிந்தும் பேசிவிட்டான். அந்தச் சில நிமிடங்களில் ஈஜாபும் கபூலும் நிறைவேறின. மஹர் தொகை கூறப்பட்டது. சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். துஆவும் முடிந்தது. மலையின் மேலே, கட்டிலில் தலையணை வைத்து உட்கார வைக்கப்பட்டிருந்த நன்னி, துஆவுக்காக உயர்த்திய கைகளுடன் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்த பிறகுதான், ரியாத்திலிருந்து வந்திருந்த குறுஞ்செய்தியை ஒருவர் கவனித்தார். "இங்கும் படம் வரவில்லை" என்று நிக்காஹ் நேரத்திலேயே அனுப்பப்பட்டிருந்தது அது. ரியாத்திலும் திண்ணனூர் நாட்டிலும் ஒரே நேரத்தில் 'டவர்' பழுதாகுமா? மலையின் மீது சுமத்திய பழி பொய்யென்று அப்போதே தெரிந்துபோயிற்று. ஆனால் மாமு இரண்டு வாரம் எங்களோடு தொலைபேசியில் பேசவில்லை.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தீர விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக்கூடாது என்பது அருள்மறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குத் தரும் படிப்பினை. கணிப்பொறி விஷயத்திலும் அது பொருந்தும் என்பதை அன்று உணர்ந்தோம். தம்பியும் நானும் ஓர் இரவு முழுவதும் அமர்ந்து விசாரித்தோம். அந்த விசாரணையில் நாங்கள் கற்றவற்றைத்தான் இங்கே வாசகப் பெருமக்களின் முன் வைக்கிறேன். இன்று நிக்காஹ், ஜனாஸா, தராவீஹ், மத்ரஸா ஆண்டு விழா என நம் மஹல்லாக்களில் நேரலை பெருகிவிட்டது. கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு சொல்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நேரலையில் நிக்காஹைப் பார்ப்பது வேறு. நேரலையின் மூலமே நிக்காஹைச் செய்துகொள்வது வேறு. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஆறாவது அமர்வு, தொலைபேசி போன்ற நவீன சாதனங்களின் வழியே செய்யப்படும் வணிக ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் சாட்சிகள் கட்டாயம் என்பதால், அந்தத் தீர்மானம் நிக்காஹுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே விலக்கு அளித்தது. எங்கள் வீட்டில் வலியும், மணமகனும், சாட்சிகளும் ஒரே சபையில் இருந்தார்கள். தொலைவில் இருந்தவர்கள் காணவும் துஆவில் கலந்துகொள்ளவும் மட்டுமே இந்த ஏற்பாடு.

மிளகும் சல்லடையும்

படம் எப்படி மலையேறுகிறது என்பதை அறிந்தால்தான் அது எங்கே தடைப்படும் என்பது விளங்கும்.

ஒளிப்படக் கருவி நொடிக்கு 30 படங்களை எடுக்கிறது. முழு எச்.டி. என்பதில் ஒவ்வொரு படத்திலும் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 24 பிட்டுகள் தேவை. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள்! நம் வீட்டு இணைப்பில் நொடிக்கு 40 இலட்சம் பிட்டுகளை மேலே அனுப்ப முடிந்தாலே பெரிது. ஆகவே 370 பங்கை ஒரு பங்காகச் சுருக்கி, பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலும் செய்ய வேண்டும். இந்த வேலைக்குக் குறியாக்கம் என்று பெயர். இதைச் செய்யும் உறுப்பு என்கோடர்.

இந்தச் சுருக்கும் கலையின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பிறந்த முஸ்லிம் அறிஞர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? பெயர் நாசிர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்து, அந்நகரின் விசுவேசுவரய்யா பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972இல் ஒரு புதிய கணித உருமாற்றத்தை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டார். நிதி மறுக்கப்பட்டது. கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்ததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் மனம் தளரவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் இருந்த பேராசிரியர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் உழைத்து, 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த ஆய்வை வெளியிட்டார். 'தனித்த கொசைன் உருமாற்றம்' என்று அதனைத் தமிழில் கூறலாம்.

அது செய்யும் வேலையை எங்கள் மாமுவின் களத்தில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். காய்ந்த மிளகைத் தூற்றிச் சல்லடையில் இட்டு, கனத்த மணிகளை ஒருபுறமும், சிறு மணிகளை ஒருபுறமும், தூசியை ஒருபுறமுமாகப் பிரிப்பார்கள். அதுபோலவே இந்த உருமாற்றம் படத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள பெரிய மாறுதல்களை ஒருபுறமும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாறுதல்களை ஒருபுறமும் பிரித்துத் தருகிறது. கனத்தவை அனுப்பப்படுகின்றன, தூசி பெரும்பாலும் விடப்படுகிறது. 1992இல் வந்த ஜேபெக் புகைப்பட முறை இதன்மீது எழுந்தது. 2003இல் வெளியான எச்.264 காணொளி முறையும் இதிலிருந்து பிறந்த எளிய வடிவம் ஒன்றையே பயன்படுத்துகிறது. அசையாத சுவரை ஒவ்வொரு படத்திலும் திரும்ப அனுப்பாமல், அசைந்ததை மட்டும் அனுப்பும் உத்தியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. நாம் இன்று நேரலையில் காணும் முகங்களில் பெரும்பாலானவை இந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவையே.

சலிப்பவர் யார்?

இந்த வேலையைக் கணிப்பொறியின் மையச் செயலியே செய்யலாம். அதற்கு எக்ஸ்264 என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது செயலியைப் பெரிதும் களைப்படையச் செய்யும். ஆகவே, இந்தப் பணிக்கென்றே தனிச் சுற்று ஒன்றைச் சில்லுக்குள் வைத்தார்கள். இன்டெல் நிறுவனம் 2011இல் தன் செயலிகளிலும், என்விடியாவும் ஏ.எம்.டி.யும் 2012இல் தம் வரைகலை அட்டைகளிலும் இதைக் கொண்டுவந்தன. அதே 2012இல்தான் ஓ.பி.எஸ். என்ற இலவச நேரலை மென்பொருளும் பிறந்தது. நம் வாலிபர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இதைத்தான்.

வரைகலை அட்டையில் திரையை வரையும் பகுதி வேறு. குறியாக்கம் செய்யும் சுற்று வேறு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இரண்டு தனித் தொழிலாளிகள். யாருக்கு நோய் என்று அறியாமல் மருந்து கொடுத்தால் பயன் இல்லை.

நோயை அறிதல்

நேரலைக் கோளாறுகள் இரண்டு வகைப்படும். ஒன்று, தொடங்கவே மறுப்பது. மற்றொன்று, தொடங்கிய பின் தடுமாறுவது.

தடுமாறும் நேரலைக்கு ஓ.பி.எஸ். மென்பொருளிலேயே நாடி பார்க்கும் வசதி உண்டு. 'ஸ்டேட்ஸ்' என்ற பலகையைத் திறந்தால் மூன்று எண்ணிக்கைகள் தெரியும். முதலாவது, வரைவதில் ஏற்பட்ட தாமதத்தால் தவறிய படங்கள். இது பெருகினால் அட்டையின் வரையும் பகுதி களைத்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, குறியாக்கத் தாமதத்தால் தவிர்க்கப்பட்ட படங்கள். இது பெருகினால் என்கோடருக்குச் சுமை அதிகம். மூன்றாவது, வலையமைப்பில் கைவிடப்பட்ட படங்கள். இது பெருகினால் மட்டுமே இணைய இணைப்பைக் குறை கூறலாம். அதுவும் அனுப்புபவரின் இணைப்பையே! பார்ப்பவரின் இணைப்பு பலவீனமாக இருந்தால் அது இந்தப் பலகையில் தெரியாது. அவருக்கு மட்டுமே படம் நின்று நின்று ஓடும். மற்றவர்களுக்கு ஓடும். ஆகவே ஒருவர் புகார் சொன்னால் வேறோர் ஊரில் இருக்கும் மற்றொருவரைக் கேட்டுப் பார்ப்பதே முதல் விசாரணை. நாங்கள் ரியாத்தின் குறுஞ்செய்தியை அன்றே படித்திருந்தால் மாமுவைக் கடிந்திருக்க மாட்டோம்.

வரையும் பகுதி களைத்தால், பின்னணியில் ஓடும் விளையாட்டுகளையும், உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்களையும் மூட வேண்டும். விண்டோஸ் கணினியில் ஓ.பி.எஸ்.ஸை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், வரைகலை அட்டையில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். என்கோடர் களைத்தால், முழு எச்.டி.யை விட்டு 1,280க்கு 720 என்ற அளவுக்கு இறங்கலாம். நொடிக்கு 60 படங்கள் வைத்திருந்தால் 30 ஆக்கலாம். தர அமைப்பை வேகமான படிக்கு மாற்றலாம். 'லுக் அஹெட்' போன்ற கூடுதல் மெருகுகளை நிறுத்தலாம். நிக்காஹ் சபையில் மணமகனும் வலியும் ஓடியாடப் போவதில்லை. 720 அளவும் 30 படங்களும் தாராளமாகப் போதும். மடிக்கணினியாயின் மின்னேற்றியில் இணைத்தே இயக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும்போது பல கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மெத்தையின் மீதோ விரிப்பின் மீதோ வைத்தால் காற்று வழி அடைபட்டுச் சூடேறும். சூடேறினால் வேகம் குறையும்.

தொடங்க மறுக்கும்போது

வரைகலை என்கோடர் தொடங்கவே மறுத்தால் காரணங்கள் வேறு.

முதற்காரணம், அட்டையில் அந்தச் சுற்றே இல்லாமல் இருப்பது. என்விடியாவின் ஜிடி 1030, மடிக்கணினிகளுக்கான எம்எக்ஸ் 150 ஆகியவற்றில் அது இல்லை. ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி அட்டைகளிலும் இல்லை. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமை வரைகலை கிடையாது. ஆகவே இன்டெல்லின் என்கோடரும் கிடையாது. கணினி வாங்கும்போதே இதைக் கேட்டறிவது நன்று. இத்தகைய கணினியில் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. எக்ஸ்264 மென்பொருளை 'வெரி ஃபாஸ்ட்' என்ற படியில் வைத்து 720 அளவில் அனுப்புவதே வழி.

இரண்டாவது காரணம், அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழையதாக இருப்பது. ஓ.பி.எஸ்.ஸைப் புதுப்பித்துவிட்டு டிரைவரைப் பழையதாகவே விட்டுவைத்தால், இருவருக்கும் மொழி புரியாமல் போகும். டிரைவரை அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெற வேண்டும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். விழா நாளின் காலையில் எதையும் புதுப்பிக்கலாகாது!

மூன்றாவது, அமைப்புகளில் நேரும் பொருத்தமின்மை. எச்.264 முறையில் வரைகலை என்கோடர்கள் பெரும்பாலும் 8 பிட் நிறத்தையே ஏற்கும். நிற வடிவத்தை 10 பிட்டுக்கு மாற்றிவைத்திருந்தால் மறுத்துவிடும். ஐயம் ஏற்பட்டால் 'என்வி12' என்ற வழக்கமான அமைப்புக்குத் திரும்புவதே பாதுகாப்பு.

நான்காவது, ஒரே நேரத்தில் எத்தனை பணிகள் என்ற எல்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஜீஃபோர்ஸ் அட்டைகளில், ஒரே சமயத்தில் நடைபெறும் குறியாக்கப் பணிகளின் எண்ணிக்கைக்கு டிரைவர் ஓர் எல்லை வைத்திருந்தது. நெடுங்காலம் அது 2 ஆக இருந்தது. 2020இல் 3 ஆகவும், 2023இல் 5 ஆகவும், 2024இல் 8 ஆகவும் உயர்த்தப்பட்டது. பழைய டிரைவரை வைத்திருப்பவருக்கு எல்லையும் பழையதே.

எங்கள் குற்றவாளி

ஓ.பி.எஸ். மென்பொருள் தன் ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு எழுதிவைக்கிறது. 'ஹெல்ப்' பட்டியலில் 'லாக் ஃபைல்ஸ்' என்ற பகுதியில் அந்தப் பதிவேடு இருக்கிறது. நிக்காஹ் நடந்த நாளின் ஏட்டைத் திறந்தோம். நேரலை தொடங்க முயன்ற நிமிடத்தில், குறியாக்கப் பணிகளின் எண்ணிக்கை எல்லையைத் தாண்டிவிட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். மடிக்கணினி 2019இல் வாங்கியது. அதன் டிரைவரை அன்று முதல் புதுப்பிக்கவே இல்லை. ஆகவே எல்லை 2. தம்பி விளையாடும்போது தன் ஆட்டத்தைப் பின்னணியில் பதிவுசெய்ய ஒரு வசதியை இயக்கி வைத்திருந்தான். கணினியைத் திறந்தவுடன் அது தானே ஓடத் தொடங்கிவிடும். அது ஒரு பணி. முதல்நாள் ஒத்திகையில் நேரலை மட்டும் சேர்ந்தது; மொத்தம் 2. தடையில்லை. விழா நாளில், நினைவாக வைத்துக்கொள்ள உயர்ந்த தரத்தில் தனிப் பதிவு ஒன்றையும் செய்ய விரும்பி, அதை முதலில் தொடங்கிவிட்டான். 2 இடங்களும் நிரம்பின. கடைசியில் வந்த நேரலைக்கு இடமில்லை. எவருக்காக அந்தக் கணினி அங்கே வைக்கப்பட்டதோ, அவர்களுக்கான பணியே வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டது.

அட்டையில் பழுது இல்லை. மென்பொருளில் பழுது இல்லை. மலையின் இணைப்பிலும் பழுது இல்லை. ஒத்திகையில் செய்யாத ஒன்றை விழாவில் செய்ததும், திரையில் தோன்றிய எச்சரிக்கையைப் படிக்காததுமே பழுது. தம்பி நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சின்னத்தா, மாமுவிடம் நான் எப்படிப் பேசுவேன்?" என்றான்.

"ஏட்டில் உள்ளதை அப்படியே சொல். அதைவிட நல்ல மன்னிப்பு வேறில்லை" என்றேன்.

மாமு கேட்டார். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மலைமேல் இருப்பவர்கள்மேல் பழி போடுவது எல்லோருக்கும் எளிது, தம்பி. நீ திரும்பி வந்து சொன்னாயே, அது போதும்" என்றாராம்.

தனிப் பதிவு முழுமையாக இருந்தது. மறுவாரம் மலைக்குச் சென்ற உறவினர் வசம் அதைக் கொடுத்தனுப்பினோம். நன்னி தொலைக்காட்சியில் பார்த்தார். மகிழ்ந்தார். ஆனாலும் அவர் சொன்ன ஒரு சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது. "அழகாக இருக்கிறது. ஆனால் நடந்து முடிந்ததைப் பார்ப்பது வேறு, நடக்கும்போது கையேந்துவது வேறு, கண்ணு."

மஹல்லா வாலிபர்களுக்குச் சில குறிப்புகள்

விழாவை நேரலையாக அனுப்பும் பொறுப்பு ஓர் அமானிதம். அதை ஏற்கும் வாலிபர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொண்டால் பெரும்பாலான இடர்கள் நீங்கும், இன்ஷா அல்லாஹ்.

நேரலையும் பதிவும் இரண்டும் வேண்டுமென்றால், பதிவுக்கு 'நேரலையின் என்கோடரையே பயன்படுத்து' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரே குறியாக்கம் இரண்டு இடங்களுக்கும் செல்லும். அட்டைக்கு ஒரே பணிதான்.

பின்னணியில் பதிவுசெய்யும் வசதிகள் எவையேனும் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பதிவை எம்.கே.வி. வடிவத்தில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பிழைத்திருக்கும். வழக்கமான எம்.பி.4 கோப்பு பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. தேவையானால் விழா முடிந்தபின் ஓ.பி.எஸ்.ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

யூடியூபில் முதன்முறையாக நேரலை செய்வோர், அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். முதன்மைச் சட்டங்களின் இடைவெளியை 2 நொடியாக வையுங்கள். 720 அளவுக்கும் 30 படங்களுக்கும் நொடிக்கு 4 மெகாபிட் போதும். உங்கள் இணைப்பின் மேலேற்றும் வேகத்தை முன்கூட்டியே அளந்து, அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். இயன்றவரை கம்பி இணைப்பையே நாடுங்கள்.

ஒத்திகை என்பது விழாவைப் போலவே இருக்க வேண்டும். அதே கணினி, அதே இடம், அதே பதிவு, அதே வரிசை. அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூட்டினால் வரும் கோளாறு ஐந்து நிமிடத்தில் தெரியாது.

வரைகலை என்கோடர் கடைசி நேரத்தில் மறுத்தால் திகைக்க வேண்டாம். அமைப்புகளில் என்கோடரை எக்ஸ்264க்கு மாற்றி, மீண்டும் தொடங்குங்கள். அரை நிமிட வேலை. இதற்கென ஓ.பி.எஸ்.ஸில் தனி அமைப்புத் தொகுப்பு ஒன்றை முன்பே செய்து வைப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைவில் இருப்பவர்களில் இருவரிடம், "படம் தெரிகிறதா?" என்று கேட்டு, "தெரிகிறது" என்ற பதில் வந்த பிறகு குத்பாவைத் தொடங்கும்படி இமாமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத் தாமதத்தை எந்த இமாமும் மறுக்கமாட்டார்.

உயர்ந்த கைகள்

மறு ஆண்டு, அல்லாஹ்வின் அருளால் அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அகீகாவும் பெயர் சூட்டும் வைபவமும் இராசிபுரத்தில் நடந்தன. கட்டுப்பாடுகள் அப்போது நீங்கியிருந்தன. எனினும் நன்னியால் மலையிறங்க இயலவில்லை. அதே மடிக்கணினி; அதே வரைகலை அட்டை. டிரைவர் மட்டும் புதிது. பின்னணிப் பதிவு அணைக்கப்பட்டிருந்தது.

துஆ தொடங்கும் முன் தம்பி தொலைபேசியை எடுத்தான். முதல் அழைப்பு திண்ணனூர் நாட்டுக்கு. "மாமு, படம் தெரிகிறதா? ஒலி கேட்கிறதா? நன்னி பார்க்கிறார்களா?"

"தெரிகிறது, தம்பி. உன் நன்னி அப்போதே கையேந்திவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் தொடங்கவில்லை!" என்றார் மாமு.

தம்பி இமாமைப் பார்த்துத் தலையசைத்தான். அவர் துஆவை ஆரம்பித்தார்.